ஒரு வரிசை தள்ளிப்போனால்

கேள்வி இதுதான். முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரை ஒன்று எட்டு மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. இப்போது ஆய்வேட்டுக்காக அந்த எக்செல் கோப்பைத் திரும்பத் திறந்தபோது, ஓரிடத்துக்குக் கீழே நோயாளி எண்களும் பரிசோதனை முடிவுகளும் ஒரு வரிசை தள்ளி ஒட்டப்பட்டிருப்பது தெரிந்தது. நெறியாளரிடம் சொன்னார். "வைவா (வாய்மொழித் தேர்வு) முடியட்டும் அம்மா, இதை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு சந்தேகம்: அதே ஆய்வகத்தின் பழைய கட்டுரை ஒன்றில், ஒரே படம் இரண்டு வெவ்வேறு சோதனைகளின் முடிவாகப் போடப்பட்டிருக்கிறதோ என்று. என்ன செய்வது, பட்டம் நின்றுவிடுமா என்று கேட்கிறார்.

முதலில் உங்கள் பதற்றத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். மருத்துவ ஆய்விதழ்களுக்குப் புள்ளியியல் மதிப்பீட்டாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு நெடுவரிசையை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டுப் பக்கத்து நெடுவரிசையை மறந்துபோனவர்கள், விடுபட்ட மதிப்புக்குக் குறியீடாகப் போட்ட 999ஐ நோயாளியின் வயதென்று சேர்த்துச் சராசரி எடுத்தவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. எக்செலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செப்ட்2 என்று ஒரு மரபணு இருந்தது. அந்தப் பெயரைத் தட்டினால் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020 வாக்கில் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். சட்டை சேரவில்லை என்று மாப்பிள்ளையை மாற்றிய கதைதான்.

என் சொந்தக் கதையும் ஒன்று. இளம் வயதில் எழுதிய ஒரு கட்டுரையில், திட்ட விலக்கம் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) என்று தலைப்பிட்ட இடத்தில் திட்டப் பிழையின் (சராசரி எவ்வளவு துல்லியம் என்பதன்) எண்களைப் போட்டிருந்தேன். ஒரு வாசகர் நாலு வரியில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். இரண்டு நாள் அதற்குப் பதில் எழுதாமல், அவருடைய கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க முயன்றேன். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆய்விதழுக்கு எழுதினேன்; அரைப் பக்கத் திருத்தக் குறிப்பு வந்தது. அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த இரண்டு நாள்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் கேள்வியின் முடிச்சும், தவறு தெரிந்ததற்கும் அதை வெளியே சொல்வதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கிறது. அமெரிக்க அரசின் வரையறைப்படி ஆய்வு முறைகேடு மூன்று வகை: இல்லாத தரவைப் புனைவது, இருப்பதைத் திரிப்பது, பிறருடையதைத் திருடுவது. நேர்மையான பிழை இதில் சேராது என்று அந்த வரையறையே சொல்கிறது. ஆனால் தெரிந்து செய்தாரா என்பதுதான் விசாரணையில் முக்கியமான கேள்வி. நெறியாளரிடம் நீங்கள் சொன்ன நாள் ஒன்று இருக்கிறதல்லவா? அதுவரை நடந்தது பிழை. அந்த நாளுக்குப் பிறகு அதே அட்டவணையை ஆய்வேட்டில் ஒட்டிச் சமர்ப்பித்தால், தவறு என்று தெரிந்த எண்ணைத் தெரிந்தே சமர்ப்பித்ததாகும். கோப்பில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. செயலின் பெயர் மட்டும் மாறிவிடும்.

இது வெறும் வாதமில்லை என்பதற்கு ஒரு வரிசை தள்ளிப்போன இன்னொரு கோப்பின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம். 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் அனில் பொட்டி, ஜோசப் நெவின்ஸ் குழுவின் கட்டுரை வந்தது. புற்றுநோய்க் கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்த மருந்து எந்த நோயாளிக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்றார்கள். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்து மருத்துவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. நாமும் செய்து பார்க்கலாமா என்று தங்கள் புள்ளியியலாளர்களான கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரிடமும் கேட்டார்கள். அவர்கள் பொதுவில் கிடைத்த தரவை எடுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். வரவில்லை. முக்கியமானவை என்று கட்டுரையில் பட்டியலிட்ட மரபணுக்களுக்கும் தாங்கள் கண்டவற்றுக்கும் பொருத்தமே இல்லை. பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது: டியூக் பட்டியலில் ஏறத்தாழ ஒவ்வொரு மரபணுவும், இருக்கவேண்டிய வரிசைக்கு ஒரு வரிசை தள்ளி இருந்தது. தலைப்பு வரிசையில் நேர்ந்த குழப்பம். அதைவிட மோசமாக, சில மருந்துகளில் மருந்து கேட்கும் செல்கள், கேட்காத செல்கள் என்ற அடையாளங்களே இடம் மாறியிருந்தன. அந்த முறைப்படி சிகிச்சை கொடுத்தால் நோயாளிக்குக் கேட்காத மருந்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததாகிவிடும்.

இதுவரை நடந்தது உங்கள் கதைதான். தலைப்பு வரிசை, கவனக்குறைவு, மனிதப் பிழை. 2007இல் பேகர்லியும் கூம்ப்ஸும் அதே இதழில் இதை எழுதினார்கள். டியூக் குழு, சின்னத் தவறுகளைச் சரிசெய்துவிட்டோம், முடிவு அப்படியே நிற்கிறது என்று பதில் எழுதியது. அதே ஆண்டில் நோயாளிகள் மீதான சோதனைகளும் தொடங்கின. 2008இல் அந்த ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு மருத்துவ மாணவர், முறை சரியில்லை என்று விரிவாக எழுதிக் கொடுத்தார். வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று மேலிடம் அவருக்கு எடுத்துச் சொன்னது. அவர் கட்டுரைகளிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டு, வேறோர் ஆய்வகத்தில் இன்னோர் ஆண்டு உழைத்துத் தம் ஆய்வை முடித்தார். 2009இல் புள்ளியியலாளர்கள் தனியாக ஒரு கட்டுரையே வெளியிட்டபின் சோதனைகளை நிறுத்தி வெளியாட்களை வைத்து விசாரித்தார்கள். அந்த விசாரணையாளர்களுக்குப் பேகர்லியின் புதிய குறைகள் அடங்கிய அறிக்கையை டியூக் நிர்வாகம் அனுப்பவே இல்லை. 2010 தொடக்கத்தில் சோதனைகள் மறுபடி ஓடின.

நின்றது எதனால் தெரியுமா? 2010 ஜூலையில் ஒரு புற்றுநோய்ச் செய்திமடல், பொட்டி தம் விண்ணப்பங்களில் ரோட்ஸ் உதவித்தொகை (ஆக்ஸ்போர்டில் படிக்கக் கொடுக்கும் பெருமைக்குரிய உதவித்தொகை) பெற்றவர் என்று போட்டுக்கொண்டது பொய் என்று எழுதியது. மூன்று ஆண்டுக் கணிதம் அசைக்காததைத் தன்விவரக் குறிப்பின் ஒரு வரி அசைத்துவிட்டது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதற்குள் சோதனைகளில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நவம்பரில் பொட்டி பதவி விலகினார், 2011 ஜனவரியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, 2015இல் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் முறைகேடு நடந்திருப்பதாக முடிவறிவித்தது. அவர் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஜெஃப்ரி சாங்குடையது. அப்போது கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். செல்லிலிருந்து மருந்தை வெளியே தள்ளும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதத்தின் வடிவத்தை 2001இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டுப் புகழ்பெற்றார். 2006 செப்டம்பரில் சுவிட்சர்லாந்திலிருந்து இரண்டு பேர் அதன் உறவுக்காரப் புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டார்கள். இரண்டும் ஒட்டவில்லை. சாங் தம் தரவைத் தோண்டினார். வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்து, உள்ளேயே புழங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு கணினி நிரல், இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவைத்திருந்தது. அதனால் கூட்டல் கழித்தலாகி, புரதத்தின் வடிவமே தலைகீழாகியிருந்தது. அதே நிரலில் ஓடிய மற்றக் கட்டுரைகளும் அவ்வளவுதான். டிசம்பரில் சயன்ஸ் இதழில் அவரே கடிதம் எழுதி மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். வேறு இதழ்களில் வந்த இரண்டும் சேர்ந்தே போயின. ஐந்து ஆண்டு உழைப்பு, ஐந்து கட்டுரை, சுமார் மூன்று மாதத்தில் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய வடிவத்தோடு ஒத்துப்போகாத சரியான முடிவுகளைக் கையில் வைத்திருந்த மற்றவர்கள், அவற்றை வெளியிடத் திண்டாடினார்கள். பிழை நேர்மையானதாக இருந்தாலும் அடி பிறருக்கும் விழுகிறது. ஆனால் சாங்கை யாரும் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை.

2018இல் நோபல் பரிசு வாங்கிய பிரான்சிஸ் ஆர்னால்டும் 2020 ஜனவரியில் தம் சயன்ஸ் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெற்றார்: சோதனையைத் திரும்பச் செய்யும்போது வரவில்லை, ஆய்வக நோட்டில் சில பதிவுகளைக் காணவில்லை. அன்றைக்கு வேலை அதிகம், என் கடமையைச் சரியாகச் செய்யவில்லை, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பொதுவெளியில் எழுதிவிட்டார். வாயைத் திறந்து சொன்னவர் மதிப்பு குறையாது என்பது என் ஆறுதல் வார்த்தை மட்டுமில்லை. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் அந்த ஆசிரியரின் பழைய கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களும் குறைந்துவிடுகின்றன. ஆனால் ஆசிரியரே முன்வந்து அறிவித்திருந்தால் அந்தக் குறைவு தென்படுவதில்லை என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

இனி உங்கள் மேசைக்கு வருவோம்.

இனி யாரிடமும் எதையும் சொல்வதற்கு முன், மூலத் தரவிலிருந்து கணக்கை முதலிலிருந்து போடுங்கள். வெளியான கட்டுரைக்குப் பயன்பட்ட எக்செல் கோப்பைத் தொடாதீர்கள். அதில் உட்கார்ந்து 'சரிசெய்து' சேமித்துவிட்டால், பிழை எப்படி நேர்ந்தது என்பதற்கான ஒரே சாட்சியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். பின்னால் யாராவது கேட்டால் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். நகலெடுத்து அதில் வேலை செய்யுங்கள். முடிந்தால், பதில் என்னவென்று சொல்லாமல், இன்னொருவரிடம் கோப்பைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பிறகு ஒரே கேள்வி: முடிவு மாறுகிறதா? ஒரு வரிசை தள்ளிப்போனதில் ஏழெட்டு நோயாளிகளின் மதிப்பு மட்டும் மாறி, சராசரி 0.3 நகர்ந்து, கட்டுரையின் வாதம் அப்படியே நிற்கலாம். அப்படியென்றால் திருத்தக் குறிப்பு போதும். ஆசிரியர் தவறென்றால் ஒரு பெயரிலும் அச்சகத் தவறென்றால் இன்னொரு பெயரிலும் சில இதழ்கள் அதை வெளியிடும். நீங்கள் அந்தப் பெயர் வேறுபாட்டில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாதமே விழுகிறதென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதுதான். திரும்பப் பெற்ற கட்டுரை காணாமல் போவதில்லை. குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு அங்கேயே கிடக்கும், ஏன் என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பின் வாசகத்தில் பிடிவாதமாக இருங்கள். "தரவுத்தாளில் வரிசை இடம்பெயர்ந்ததால், ஆசிரியர்களே கண்டறிந்து அறிவித்தார்கள்" என்று இருக்கவேண்டும். "சில காரணங்களால்" என்று மொட்டையாக விட்டால் படிக்கிறவர் மனம் மோசடி என்றுதான் போகும்.

அதில் நியாயமும் இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட 2,047 உயிரியல், மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2012இல் வந்த ஓர் ஆய்வின்படி, மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் முறைகேடு. நேர்மையான பிழையால் போனவை 21 விழுக்காடுதான். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் கெட்டிருக்கிறது. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் ஆலைகளின் புண்ணியத்தில், 2023இல் மட்டும் உலகம் முழுதும் பத்தாயிரத்துக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அந்தக் கும்பலோடு நீங்கள் சேர்த்து எண்ணப்படாமல் இருக்க, குறிப்பின் ஒரு வரிதான் உங்களுக்கு வேலி.

நெறியாளர் விஷயம். உண்மையில் கேள்வியே இதுதான் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து அவர் கையில், பரிந்துரைக் கடிதம் அவர் கையில். "சார், தப்பு" என்று போய் நிற்பது நம் துறைகளில் சாதாரணக் காரியமில்லை. அதனால் தப்பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தீர்வை எடுத்துக்கொண்டு போங்கள்: பழைய அட்டவணை, புதிய அட்டவணை, இதழுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவு, மொத்தம் இரண்டு பக்கம். "வைவாவில் வெளித் தேர்வாளர் மூலத் தரவைக் கேட்டால் இரண்டு பேருக்குமே சங்கடம் சார், இப்போது நாமே சொல்லிவிட்டால் ஒரு குறிப்போடு போய்விடும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான நெறியாளர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலைக்குப் பயந்தவர்கள், பெயருக்குப் பயந்தவர்கள். வேலை பாதி முடிந்திருக்கிறது என்று தெரிந்தால் இறங்கி வருவார்கள். பேசி முடித்ததும், பேசியதைச் சுருக்கி அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மிரட்டலாக வேண்டாம், "இன்று பேசியபடி இணைத்திருக்கிறேன்" என்றால் போதும். தேதி தானாக விழுந்துவிடும்.

அதற்கும் அசையவில்லையென்றால், மற்ற இணை ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். கடைசி வழியாக, எந்த ஆசிரியரும் நேரடியாக இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதலாம். கட்டுரையில் தொடர்புக்கு உரியவர் என்று குறிப்பிட்ட ஆசிரியர்தான் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லா ஆசிரியர்களும் சம்மதிக்காவிட்டாலும் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறும் அதிகாரம் ஆசிரியர் குழுவுக்கு உண்டு. 1997இல் பிரிட்டனில் தொடங்கிய பதிப்பு நெறிக் குழு இதற்கென்று வகுத்த வழிமுறையைத்தான் பெரிய இதழ்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. வழியில் சர்ச்சை நீண்டால், கட்டுரைமேல் ஓர் ஐயக் குறிப்பை மட்டும் போட்டுவைப்பார்கள். எல்லாமே ஆமை வேகம். மாதங்கள் ஆகும், ஆண்டுகள் ஆனதும் உண்டு.

பழைய கட்டுரையின் படத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் நிலை வேறு, நீங்கள் அதன் ஆசிரியர் இல்லை. நெதர்லாந்தில் பிறந்த நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக், 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்து 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டார். 3.8 விழுக்காட்டில் சந்தேகத்துக்குரிய படங்கள். அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததன் சாயல். அவர் படங்களைப் பிரித்த விதம் உங்களுக்கு உதவும். ஒரே படம் அப்படியே இரண்டு இடத்தில் இருந்தால், கோப்பின் பெயரைக் குழப்பிக்கொண்டு ஒட்டியிருக்கலாம்; யாருக்கும் நேரும். அதே படம் திருப்பப்பட்டோ, கவிழ்க்கப்பட்டோ, ஓரம் நறுக்கப்பட்டோ இருந்தால் சந்தேகம் கூடும். ஒரே படத்துக்குள் ஒரு பட்டை (சோதனையில் ஒரு புரதம் இருப்பதைக் காட்டும் கோடு போன்றது) மட்டும் நகலெடுத்து வேறிடத்தில் பதிக்கப்பட்டிருந்தால், கை தவறி அப்படி ஆகிவிட்டது என்று சொல்ல வாய் கூசும்.

ஆனால் எது என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை, இதழின் வேலையும் இல்லை. மூலப் படங்களும் நோட்டுகளும் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கின்றன. விசாரிக்க வேண்டியது நிறுவனம். எழுதுவதானால் இப்படி எழுதுங்கள்: "படம் 2இன் மூன்றாம் பட்டையும் படம் 5இன் முதல் பட்டையும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. மூலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்." அவ்வளவுதான். மோசடி, ஏமாற்று என்ற சொல் எதுவும் வேண்டாம். அப்படி எழுதினால் படத்தைப் பற்றிப் பேசவேண்டியவர்கள் உங்கள் நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இன்னொன்று, இந்த இரண்டு விவகாரங்களையும் ஒரே கடிதத்தில் கட்டாதீர்கள். உங்கள் சொந்தப் பிழையை முதலில் தீர்த்துவிடுங்கள். தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டவர் பிறர் கட்டுரையைப் பற்றிக் கேட்கும்போது, பழிவாங்குகிறார் என்று சொல்ல முடியாது.

நம் நாட்டில் நிறுவனங்கள் விசாரிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் வி.ஜே. குப்தா, கால் நூற்றாண்டு காலம் இமயமலைப் புதைபடிவங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 1989இல் ஆஸ்திரேலியாவின் ஜான் டேலண்ட் நேச்சர் இதழில் போட்டு உடைத்தார்: இமயத்தில் எடுத்ததாகச் சொன்னவற்றில் சில நியூயார்க் மாநிலத்து ஓடை ஒன்றில் கிடைப்பவை, சில மொராக்கோவிலிருந்து வந்து கடைகளில் விலைக்குக் கிடைப்பவை. விசாரணை நடந்தது, குற்றம் உறுதியானது, அவர் பணியிலேயே நீடித்தார். அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை திரும்பப் பெறப்படவும் இல்லை. இன்றைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. ஆய்வேட்டில் ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பங்கு) 10 விழுக்காடு வரை போகலாம், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று படிப்படியாகத் தண்டனை சொல்கிறது. ஆனால் அது எழுத்துத் திருட்டைப் பற்றியது. எண்ணைப் புனைந்தவனையும் படத்தை வெட்டி ஒட்டியவனையும் மென்பொருளின் விழுக்காடு பிடிக்காது. சொந்த வாக்கியத்தில் பொய் எழுதினால் ஒப்புமை சுழியம். ஆகவே பழைய படத்தைப் பற்றி உங்கள் கடிதத்துக்குப் பதிலே வராமல் போகலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

சொந்தக் கட்டுரை அப்படியில்லை, அது உங்கள் கையில் இருக்கிறது. ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைப் புதிய எண்களோடு எழுதி, வெளியான கட்டுரையிலிருந்து எங்கே, ஏன் வேறுபடுகிறது என்று ஓர் அடிக்குறிப்புப் போடுங்கள். தேர்வாளர் அதைப் பிடித்துக் கேள்வி கேட்பார். கேட்கட்டும், விடை தெரிந்த ஒரு கேள்வி வைவாவில் நிச்சயமாக வரும் என்றால் அதைவிட என்ன வேண்டும்? இன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த எக்செல் கோப்பை வேறொரு வட்டில் நகலெடுத்து, பெயரில் இன்றைய தேதியைப் போட்டு, திருத்த முடியாதபடி பூட்டி வையுங்கள்.